கம்பியில்லாத் தந்தியும் நம் கடமையும்

(தென்காசியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

தமிழாசிரியன் பேசப் புகுந்தால் இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றிப் பேசுவான் என்று எண்ணி வந்த அன்பர்கள், இன்றைய தலைப்பைக் கண்டு வியப்புற்றிருத்தல் கூடும். விஞ்ஞானம் முறையாகக் கற்றோர் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, யான் இப்பொருளை எடுத்துக்கொண்டது துணிவேயாம். ஆயினும், இஃது எந்திரத்தைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. ஆபத்துக் காலத்தில் ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சொல்லவேண்டிய சொல்லைப் பற்றிய பேச்சுமாகும். சொல்லைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்குச் சிறிது உரிமையுண்டு என்று கருதிப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றேன்.

மூன்று வினாக்கள்

பேரிடர் நேர்ந்த காலத்தில் உதவி செய்ய விரும்புவோர் முதற்கண் கேட்கும் வினாக்கள் மூன்றே. நீ யார்? எங்கே இருக்கின்றாய்? உனக்கு வேண்டுவது யாது? இம்மூன்றனுக்கும் விடை கிடைக்குமாயின் உதவி புறப்படும். கிடையாதாயின், படகும் ஆளும் உணவும் மருந்தும் ஆயத்தமாக இருந்தும் பயன் இல்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களில் நம் தென்பாண்டி நாடு பட்ட பாட்டை ஈண்டு நினைவூட்ட வேண்டுவதில்லை. தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாமழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் சுற்றிலும் வெள்ளம் சூழ நிலையத்திலும் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திலும் தங்கி அல்லலுற்றனர். மின்சாரம் நின்றது, செல்போன் கோபுரங்கள் பல ஊமையாயின. வெளியூர்களில் இருந்த மக்கள், தம் தாய் தந்தையர் இருக்கின்றனரா இல்லையா என்பதையே அறியமாட்டாது தவித்தனர். இவ்வவையிலும் அத்தவிப்பை அனுபவித்தோர் உளர்.

அடுத்த ஆண்டு, 2024 மே 17-ஆம் நாள், பழைய குற்றாலத்து அருவியில் நொடிப்பொழுதில் வெள்ளம் பெருகி, 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. நீராடுவோர் தலைக்கு மேல் வானம் அமைதியாக இருக்கும்பொழுதே, மலையுச்சியில் பெய்த மழை அருவியாகத் திரண்டு இறங்குதல் நம் மலையின் இயல்பு. மேலே பெய்தது கீழே தெரியாமையே கேட்டிற்குக் காரணம்.

குற்றாலத்து நீர் சிற்றாறாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபருணியோடு கலந்து, பின்னர் ஸ்ரீவைகுண்டத்தின் வழியே கடலுக்குச் செல்கின்றது என்பதை நாம் அறிவோம். ஆகவே மலைமேல் நேர்வது மலையடிவாரத்தார்க்கு மட்டும் உரிய செய்தி அன்று, கடற்கரையார்க்கும் உரியதே. தண்ணீர் போகும் வழியே, அதற்கு முன்னதாகச் செய்தி போகவேண்டும். இதுவே யான் இன்று சொல்ல வந்த பொருளின் சாரம்.

கையில் செல்போன் இருக்க இது எதற்கு?

இவ்வினா உங்கள் உள்ளத்தில் எழுதல் இயல்பே. செல்போன் என்பது தனித்து நிற்கும் கருவியன்று. அதற்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் மின்கலமும் எண்ணெய் எந்திரமும் வேண்டும். கோபுரத்தைப் பிற ஊர்களோடு இணைக்கும் வடம் அறாமல் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கையிலிருக்கும் கருவி வெறும் பெட்டியே. இவை யாவும் செவ்வனே இருந்தாலும், ஒரே நேரத்தில் ஊரார் அனைவரும் பேச முற்பட்டால் வழி அடைபட்டுவிடும். மலைச்சரிவுகளிலும் காட்டுப் பள்ளங்களிலுமோ கோபுரத்தின் அலை எட்டுவதே அரிது. விண்கோளின் வாயிலாகப் பேசும் தொலைபேசியை நம் நாட்டில் அரசினர் அனுமதியின்றி வைத்திருத்தல் சட்டப்படி குற்றமாகும்.

இவ்வாறு மற்றவை யாவும் கைவிட்ட இடத்தில் கைகொடுப்பது, கருவிக்கும் கருவிக்கும் நேரே செல்லும் வானொலி அலையேயாம். அதனைத் தொழிலுக்காகவன்றிக் கல்விக்காகவும் பொதுநலத்திற்காகவும் பயிலும் அன்பர்களையே ‘அமெச்சூர்’ வானொலியாளர் என்றும், பேச்சுவழக்கில் ‘ஹாம்’ என்றும் அழைக்கின்றனர்.

மணிமண்டபங்கள்

இக்கருத்து நமக்குப் புதியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த செய்தியைத் திருமலை நாயக்கர் மதுரையில் இருந்தே அறிதற்பொருட்டு வழிநெடுக மணிமண்டபங்கள் அமைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. திருச்செந்தூர்ப் பூசைமணியைப் பாஞ்சாலங்குறிச்சியில் கேட்கும்படி கட்டபொம்மன் அமைத்த மண்டபங்களைப் பற்றியும் நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒரு மண்டபத்தின் மணியோசை கேட்டதும் அடுத்த மண்டபத்தார் தம் மணியை அடிப்பர். அது கேட்டு அதற்கடுத்தவர் அடிப்பர். குதிரை ஓடிச் சொல்லுதற்கு முன்னர் ஓசை ஓடிச் சொல்லிவிடும். இம்மணிமண்டபத்தின் தத்துவத்தை மனத்திற் கொள்ளுங்கள். யான் பின்னர்ச் சொல்லும் வானொலி முறை எளிதில் விளங்கும்.

நம் நாட்டு அன்பர்களின் தொண்டு

வானொலி இந்நாட்டில் வேரூன்றியதில் அன்பர் சங்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் அவர்களின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அச்சங்கம் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927-இல் அது நின்றபோது, தம் ஒலிபரப்புக் கருவியைச் சென்னை நகராண்மைக் கழகத்திற்கு அளித்தனர். 1930 முதல் நகராண்மைக் கழகம் ஒலிபரப்பு நடத்தியது அதனைக் கொண்டேயாம். சர்க்கார் தொடங்குதற்கு முன்னரே ஒரு சங்கம் தொடங்கிற்று என்பதை, சங்கத்தாராகிய நாம் சிறப்பாக உன்னுதல் வேண்டும்.

ஆபத்துக் காலத்துத் தொண்டிற்கு 2004-ஆம் ஆண்டே தக்க சான்று. அந்தமான் தீவுகளிலிருந்து 1987-க்குப் பின் அமெச்சூர் வானொலி ஒலிக்காதிருந்தது. நெடுநாள் முயன்று அனுமதி பெற்ற பாரதி பிரசாத் என்னும் பெண்மணியார், குழுவினருடன் அவ்வாண்டு டிசம்பரில் போர்ட் பிளேர் சென்று, உலகெங்கும் உள்ள அன்பர்களோடு தொடர்பு கொண்டிருந்தார். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றன. பொழுதுபோக்காகக் கொண்டுசென்ற கருவிகள் அக்கணமே உயிர்காக்கும் கருவிகளாயின. தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்திற்கும் இடையே, இன்னார் நலம், இன்னாரைக் காணவில்லை, இன்னது வேண்டும் என்ற செய்திகளை அக்குழுவினர் இடையறாது கடத்தினர்.

இதனின்றும் நாம் அறியத்தக்கது ஒன்றுண்டு. பேரலை வந்த பின்னர் அக்கருவிகளைத் தேடியிருந்தால் கிடைத்திரா. கிடைத்தாலும் இயக்கத் தெரிந்தோர் இரார். கருவியும் உரிமமும் பயிற்சியும் அதற்கு முன்னமே கையில் இருந்தன. அதுவே அத்தொண்டின் இரகசியம்.

இருப்பிடம் உணர்த்தும் முறை

வாயாற் பேசுதலில் ஒரு குறையுண்டு. இடர்ப்பட்டவன் பதற்றத்தில் ஒன்று சொல்வான்; கேட்பவன் மற்றொன்றாகக் கொள்வான். ‘ஆலமரத்துக்குக் கிழக்கே, பாலத்துக்கு இப்பால்’ என்றால் அவ்வூராரல்லாத மீட்புப் படையினர்க்கு யாது விளங்கும்? இக்குறையை நீக்கும்பொருட்டு அமைந்ததே ஏ.பி.ஆர்.எஸ். என்னும் முறை. எழுத்தும் எண்ணும் ஆகிய செய்தியைச் சிறு சிறு கட்டுகளாகக் கட்டி, வானொலி வழியே தானே அனுப்பும் முறை அது.

இதனை ஆக்கியவர் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியைச் சார்ந்த பாப் புருனிங்கா என்பவர். கப்பல்களின் இருப்பிடத்தைக் கணிப்பொறித் திரையில் வரைபடமாகக் காட்டும் முயற்சியை அவர் 1982-இல் தொடங்கினார். 1984-இல், 100 மைல் தூரக் குதிரையோட்டம் ஒன்றில் எவர் எங்கே வருகின்றனர் என்பதை அறிய அம்முயற்சி பயன்பட்டது. படிப்படியாக வளர்ந்த அம்முறைக்கு 1992-இல் இப்பெயர் நிலைத்தது. அவர் 2022 பிப்ரவரியில் காலமானார். அவர் அதனை அன்பர் உலகிற்குப் பொதுவாக்கிச் சென்றமையால், இன்று நாடுகள் பலவற்றிலும் அது வழங்குகின்றது.

அது தொழிற்படும் வகையைச் சுருங்கச் சொல்வேன். விண்கோள்களின் துணையால் இருப்பிடம் அறியும் ஜி.பி.எஸ். கருவியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். நாம் நிற்கும் இடம் வடக்கே இத்தனை பாகை, இத்தனை கலை. கிழக்கே இத்தனை பாகை, இத்தனை கலை என்று அது கணித்துக் கூறும். குற்றாலம் ஏறத்தாழ வடக்கு 8 பாகை 56 கலையிலும், கிழக்கு 77 பாகை 16 கலையிலும் உள்ளது. ஒரு கலையை நூறு கூறிட்டு அதில் ஒரு கூறு வரை இம்முறையில் சொல்லப்படும். அவ்வொரு கூறு நிலத்தின்மேல் ஏறத்தாழ 18 மீட்டர். ஒரு வீட்டை அடுத்த தெருவினின்றும் பிரித்துக் காட்ட இது போதும்.

அவ்வெண்களோடு அனுப்புவோரின் அழைப்புக்குறி, அவர் நடந்து செல்கின்றாரா வண்டியில் செல்கின்றாரா என்பதைக் காட்டும் ஓர் அடையாளம், சிறு குறிப்பு ஆகியவை சேர்ந்து ஒரு கட்டாகும். நீ யார், எங்கே இருக்கின்றாய், உனக்கு வேண்டுவது யாது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை அச்சிறு கட்டினுள் அடங்கிவிட்டது காண்க! அக்கட்டு இரண்டே சுருதிகளாக ஒலிக்கப்படும். நொடிக்கு 1200 அதிர்வுடையது ஒன்று. 2200 அதிர்வுடையது மற்றொன்று. நம் செவிக்கு அது ஒரு நொடியளவு கரகரப்பாகவே கேட்கும். கணிப்பொறியோ அதனை எழுத்தாக வாசிக்கும். கட்டின் இறுதியில் சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. வழியில் ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் அக்கணக்கு ஒவ்வாது. கட்டு முழுமையும் தள்ளப்படும். ஆகவே வந்த செய்தியைத் திரிபில்லாததாக நம்பலாம்.

இனி மணிமண்டபத்தை நினைவிற் கொள்க. உயரமான இடத்தில் வைக்கப்பட்ட மறுபரப்பு நிலையம், தன் செவிக்கு எட்டிய கட்டினை உடனே மீண்டும் ஒலிக்கும். அதனை அடுத்த குன்றிலுள்ள நிலையம் கேட்டு ஒலிக்கும். எத்தனை மண்டபம் தாண்டலாம் என்பதை அனுப்புவோரே கட்டின்மேல் எழுதிவிடுவர். சற்று முன்னர் ஒலித்த கட்டினையே மீண்டும் கேட்டால் நிலையம் வாளா இருக்கும்; இன்றேல் ஒரே செய்தி மலைக்கு மலை எதிரொலித்து வழியை அடைத்துவிடும் அன்றோ? இடையில் எங்கேனும் இணையம் உயிரோடிருக்குமாயின், அங்குள்ள ஒரு வாயில் நிலையம் செய்தியை இணையத்தில் ஏற்றிவிடும். அதன்பின் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரும் வரைபடத்தில் அப்புள்ளியைக் காணலாம்.

சுருங்கச் சொல்லும் கலை

இருப்பிடம் அறிவித்தலோடு, குறித்த ஒருவர்க்குக் கடிதம் போலச் செய்தி விடுத்தலும் இம்முறையில் கூடும். அச்செய்தி 67 எழுத்திற்கு மேற்படலாகாது. பெற்றவரது கருவி ‘பெற்றேன்’ என்று தானே விடை கூறும். விடை வாராதாயின் அனுப்பிய கருவி சிறிது சிறிதாக இடைவெளி நீட்டி மீண்டும் மீண்டும் முயலும்.

67 எழுத்துக்குள் என்ன சொல்ல முடியும் என்று மலைக்க வேண்டா. நன்னூலார் நூலுக்கு வகுத்த பத்து அழகினுள் சுருக்கமே முதலில் நிற்கின்றது. ‘பள்ளி மாடி, 40 பேர், 6 குழந்தை, குடிநீர் இல்லை, படகு வேண்டும்’ என்பதில் குறைந்தது என்ன? இதில் அழுகை இல்லை. ஆனால் படகு வரும். ஆபத்தில் நெஞ்சம் பதறும்பொழுதும் சொல்லை அளந்து எழுதப் பழகுதல் ஒரு கல்வியே. அதனை வகுப்பறையிலேயே பழக்கலாம்.

தமிழர்க்கு இங்கே ஒரு சிறு தடை உண்டு, அதனையும் சொல்லிவிடுகின்றேன். கணிப்பொறிக் கணக்கில் ஆங்கில எழுத்து ஒன்றற்கு ஒரு பைட்டு இடம் போதும். தமிழின் அகரமோ ககரமோ 3 பைட்டு இடம் கொள்ளும். ‘கா’, ‘கி’ போன்ற உயிர்மெய்கள் 6 பைட்டு கொள்ளும். அன்றியும் பழைய கருவிகள் பல தமிழெழுத்தைக் காட்டமாட்டா. ஆதலின் இப்போதைக்குத் தமிழ்ச் சொற்களையே உரோமன் எழுத்தில் எழுதுதல் நடைமுறைக்கு ஏற்றது. தமிழ்ப் பற்றுடையோர் இதற்கு வருந்துவதைக் காட்டிலும், தமிழெழுத்தைச் செவ்வனே ஏற்கும் கருவிகளை ஆக்க நம் மாணவரை ஊக்குதல் நன்று.

குற்றால மலையும் வானொலி அலையும்

இம்முறைக்குப் பெரிதும் பயன்படுவது 144 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை. நம் நாட்டில் 144 முதல் 146 வரை அமெச்சூர் அன்பர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இவ்வலை பெரும்பாலும் ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்லும். மலையைத் துளைத்துச் செல்லாது. தென்காசி காசி விசுவநாதர் ஆலயக் கோபுரம் தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலனாவது அதன் உயரத்தால் அன்றோ? வானொலிக்கும் அதுவே விதி. இடையில் தடையில்லையாயின், 10 மீட்டர் உயரத்திலுள்ள அலைக்கம்பிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டரும், 100 மீட்டர் உயரத்திலிருந்து 41 கிலோமீட்டரும், 900 மீட்டர் மலையுச்சியிலிருந்து 120 கிலோமீட்டருக்கு மேலும் எட்டும்.

இப்பொழுது நம் ஊரை நோக்குங்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகியவை மலையின் வெவ்வேறு மடிப்புகளில் உள்ளன. ஒரு மடிப்பில் நிற்பவனது அலை மற்றொரு மடிப்பிற்கு நேரே செல்லாது. ஆனால் எதிரேயுள்ள சமவெளியில், தென்காசியிலோ இலஞ்சியிலோ மேலகரத்திலோ உயரமான கட்டடத்தின் உச்சியில் ஒரு மறுபரப்பு நிலையம் அமையுமாயின், அருவிக்கரைகளில் மலை மறைக்காத இடங்களினின்றும் வரும் அலையை அது ஏற்று, செங்கோட்டைக்கும் கடையநல்லூருக்கும் பரப்புதல் கூடும். எவ்விடம் கேட்கும், எவ்விடம் கேளாது என்பதை, நம் பிள்ளைகள் கைக்கருவியோடு நடந்து ஆராய்ந்து வரைபடமாகக் குறித்தல் வேண்டும். அது நல்லதொரு பூகோளப் பாடமுமாகும். மலைக்கு மறுபுறத்துக் கேரள நாட்டு அன்பர்களோடு இணைய வேண்டுமாயின், மலைமேலேயே நிலையம் வேண்டும். அது காப்புக்காடு, வனத்துறையினரின் இசைவின்றி அங்கே ஓர் அடியும் வைத்தலாகாது.

மனிதன் மட்டுமன்றி மழைமானியும் இம்முறையில் பேசும் என்பது நமக்கு மிகவும் வேண்டப்படும் செய்தி. சென்ற ஒரு மணியில் எவ்வளவு மழை, சென்ற 24 மணியில் எவ்வளவு, காற்றின் வேகம் யாது, வெப்பம் யாது என்பவற்றைக் குறித்த கால இடைவெளியில் தானே அறிவிக்கும் அமைப்பு இதில் உண்டு. சூரிய ஒளித் தகடும் சிறு மின்கலமும் போதும். தக்க அனுமதியோடு அருவிகளின் மேற்பகுதியில் இத்தகைய மழைமானிகள் அமைந்தால், கீழே நீராடுவோரைக் காக்கும் காவலர்க்குச் சில நிமிடமேனும் முன்னறிவிப்புக் கிட்டும். சில நிமிடம் என்று இகழற்க. அருவியினின்றும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கரையேறச் சில நொடியே போதும்.

விண்ணிலும் ஒரு மணிமண்டபம்

பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இத்தகைய மறுபரப்புக் கருவி உண்டு. அஃது இயக்கப்படும் நாட்களில், 145.825 மெகாஹெர்ட்ஸில் நாம் விடுக்கும் சிறு செய்தியை வாங்கிப் பரந்த நிலப்பரப்பிற்கு மீண்டும் ஒலிக்கும். நம் தலைக்கு மேலே அது கடக்கும் சுமார் 10 நிமிடத்திற்குள் செய்தியை அனுப்பிவிடல் வேண்டும். புருனிங்காவின் வழிகாட்டலில் மாணவர்கள் ஆக்கிய பி.சி.சாட் என்னும் சிறு விண்கோள் 2001 செப்டம்பர் 30-ஆம் நாள் விண்ணேறி, இம்முறைக்கென்றே பயன்பட்டது.

நம்மவரும் பின்தங்கினாரில்லை. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2005 மே 5-ஆம் நாள் ஹாம்சாட் என்னும் விண்கோளை அன்பர்களின் பேச்சுக்கென்றே செலுத்திற்று. அது 2014 வரை தொண்டாற்றிற்று. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்து மாணவரும் ஆசிரியரும் ஆக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்றும் விண்ணேறிற்று. ஓரிடத்தில் பெற்ற செய்தியைச் சேமித்து, மற்றோரிடத்தில் இறக்குதலே அதன் முதன்மையான நோக்கம். தமிழ்நாட்டு மாணவர் கைகள் செய்த அஞ்சற்பெட்டி விண்ணில் சுழன்றது என்பது நம் பிள்ளைகட்கு ஊக்கமளிக்கும்.

எல்லையும் ஒழுக்கமும்

ஒரு பொருளின் சிறப்பைக் கூறுவோன் அதன் எல்லையையும் கூறல் வேண்டும். இம்முறை யாவருக்கும் பொதுவான ஒரே பாதையில் நடப்பது. ஒருவர் ஒலிக்கும்பொழுது அருகே மற்றொருவர் ஒலித்தால் இரண்டும் கெடும். ஆகவே அடிக்கடி தேவையின்றி ஒலிப்பது பிறர் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். இருப்பிட அறிவிப்புச் சென்று சேர்ந்தது என்பதற்கு விடையும் வாராது. விடை வருவது குறித்தவர்க்கு எழுதும் செய்திக்கே. மின்கலம் தீர்ந்தால் இதுவும் ஊமையே. காவல்துறை, தீயணைப்புத் துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியோரின் அமைப்புகளுக்கு இது துணையேயன்றி மாற்றன்று.

சட்டமும் உண்டு. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வழங்கும் உரிமம் இன்றி ஒலிபரப்புதல் குற்றம். உரிமம் பெறத் தேர்வெழுதல் வேண்டும். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளுமே பாடம். 1978-ஆம் ஆண்டின் விதிகள் 12 வயது நிரம்பிய சிறார்க்கும் இவ்வாயிலைத் திறந்தன. தந்திக்குறி பயில விரும்பாதோர்க்கும் ஒரு வகை உரிமம் உண்டு. இவ்வலையில் வாணிகம் பேசலாகாது, மறைமொழியில் எழுதலாகாது, யார் கேட்பினும் விளங்கும் வண்ணமே அனுப்பவேண்டும். மறைவில்லாத சொல்லையே பேசவேண்டும் என்று சட்டமே விதிக்கும் துறை வேறு எங்கே உளது?

இன்னொன்றும் நினைவிலிருத்தற்குரியது. நாம் இருக்கும் இடத்தை உலகறிய ஒலிப்பதாகையால், குழந்தைகளும் பெண்களும் தனித்துச் செல்லுங்கால் அக்கருவியை எப்பொழுது இயக்கவேண்டும், எப்பொழுது நிறுத்தவேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

சங்கத்தார் செய்யத்தக்கன

இனி, நாம் செய்யவேண்டுவது யாது? மண்டபங்களும் மாணவர் விடுதிகளும் கட்டுதலும், பரிசில்கள் வழங்குதலும் நம்போன்ற சங்கங்கள் செய்துவரும் நற்பணிகள். அவை ஓங்குக. அவற்றோடு இதற்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்குமாறு வேண்டுகின்றேன். ஒரு கைக்கருவியின் விலை சில ஆயிரம் ரூபாயே. செய்தியைக் கட்டவும் பிரிக்கவும் பழைய கணிப்பொறி ஒன்றே போதும். ஒரு திருமணத்தில் வாணவேடிக்கைக்குச் செலவிடும் தொகை, ஓர் ஊருக்குக் காவலாகும் நிலையத்திற்குப் போதுமானது.

முதலாவது, 12 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் தேர்வுப் பயிற்சி நடத்துக. இரண்டாவது, ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் சங்கமே ஏற்க. மூன்றாவது, உரிமம் பெற்றோர் உண்டானபின், கட்டட உச்சியில் மின்கலத்தால் இயங்கும் ஒரு நிலையத்தை அவர்தம் பொறுப்பில் நிறுவுக. நான்காவது, திங்களுக்கு ஒரு முறை மின்சாரத்தையும் செல்போனையும் நிறுத்திவைத்து, செய்தி விடுக்கும் ஒத்திகை நடத்துக. பழகாத வாள் போர்க்களத்தில் துருப்பிடித்தே இருக்கும். ஐந்தாவது, இவையனைத்தையும் மாவட்ட ஆட்சியாளர்க்கு அறிவித்து, அவர்தம் மழைக்கால ஏற்பாட்டினுள் நம் பிள்ளைகளின் தொண்டும் இடம்பெறச் செய்க.

பெண் பிள்ளைகளைச் சிறப்பாகச் சேர்க்கவேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன். அந்தமானில் அக்குழுவிற்குத் தலைமை தாங்கியவர் ஒரு பெண்மணியார் என்பதை மறவற்க. வெள்ளம் வரும் நள்ளிரவில் வீட்டிலிருப்போர் பெரும்பாலும் தாய்மாரும் சிறாருமே. கருவி அவர் கைக்குப் பழகியிருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இது நம் குலத்தாரின் சங்கம். நம்மவர் முன்னேற்றமே இதன் குறிக்கோள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளம் குலம் கேட்டு வருவதன்று. ஸ்ரீவைகுண்டத்து நிலையத்தில் அகப்பட்டோருள் இன்னார் இன்ன குலத்தார் என்று தண்ணீர் பிரித்துப் பார்க்கவில்லை. வானொலி அழைப்புக்குறியிலும் குலப்பெயருக்கு இடமில்லை. நாட்டைக் குறிக்கும் எழுத்தும், உரிமத்தின் வகையைக் குறிக்கும் எண்ணும், தனக்கென அமைந்த சில எழுத்துமே அதில் உள. ஆகவே நாம் தொடங்கும் இவ்வகுப்பின் கதவு அண்டை அயலார் பிள்ளைகள் அனைவர்க்கும் திறந்திருக்கட்டும். நம் சங்கத்தின் நிலையம் முதலில் கேட்கும் அபயக்குரல் எவருடையதாயினும், அதற்கு முதலில் விடை சொல்லுவது நம் பிள்ளையாக இருக்கட்டும். ஒரு குலத்திற்கு அதனினும் பெரிய பெருமை வேறு யாதுளது?

 அடுத்த மழைக்காலத்திற்கு முன்னரே முதல் வகுப்புத் தொடங்கும் என்னும் நம்பிக்கையுடன், குழல்வாய்மொழியம்மை உடனுறை குற்றாலநாதர் திருவருளை வேண்டி அமைகின்றேன்.